வியாழனின் நிலவுக்கு இரண்டு சாட்சிகள்

கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் தொலைநோக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். "தண்ணீர் வடிகட்டியா என்று கேட்கிறார்" என்று பின்னால் நின்ற பயணி எனக்கு மொழிபெயர்த்தார். இல்லை, வியாழனைப் பார்க்கிற குழாய் என்றேன். அதிகாரி மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். அடியிலிருந்த கண்ணாடியில் அவருடைய மீசை முறம் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றவர், போகலாம் என்று கையைக் காட்டினார். போகிற போக்கில் என் பையிலிருந்த தூத்துக்குடி மக்ரூன் பெட்டியையும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். கல்முனை போய்ச் சேர்ந்தபோது அதில் மக்ரூன் இல்லை, முந்திரி மாவுதான் இருந்தது.

நான் தூத்துக்குடியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். வானம் பார்ப்பது என்னுடைய பொழுதுபோக்கு. என்னைப் போல ஊருக்கு ஒருவராக இருபது பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். எல்லோரிடமும் ஒரே மாதிரியான ஐந்து அங்குலத் தொலைநோக்கி. வியாழனுக்கு நான்கு பெரிய நிலவுகள் உண்டு. அவை சுற்றி வரும்போது வியாழனின் நிழலுக்குள் நுழைந்து சில நிமிடங்களில் மங்கி மறைந்துபோகும், பிறகு மறுபக்கம் மெல்ல வெளிப்படும். மறைந்த கணத்தையும் வெளிப்பட்ட கணத்தையும் குறித்து மதுரையில் இருக்கும் செல்வராஜ் அண்ணனுக்கு அனுப்புவோம். அவர்தான் எங்கள் ஒருங்கிணைப்பாளர். கணிப்புக்கும் எங்கள் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத் தொகுப்பு போடுவது அவர் வேலை. இதனால் உலகத்துக்கு என்ன லாபம் என்று என் வீட்டில் கேட்காத நாளில்லை.

இந்தக் குழுவில் மூன்று வருடமாக இருக்கிறவர் இலங்கைக் கிழக்குக் கரையின் கல்முனை ஃபரீதா டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறார். அவருடைய நேரங்களில் ஒரு கோளாறு இருந்தது. நிலவு மறைவதை எங்கள் எல்லோருக்கும் முன்பாகக் குறித்துவிடுவார், வெளிப்படுவதை எல்லோருக்கும் பின்னால் குறிப்பார். சின்னத் தொலைநோக்கியில்தான் அப்படி ஆகும். மங்கிய வெளிச்சத்தை அது சீக்கிரம் தொலைத்துவிடும், தாமதமாகக் கண்டுபிடிக்கும். "ஐந்து அங்குலம்னு சொல்றாங்க, ரெண்டரை அங்குலம் மாதிரியில்ல இருக்கு? தொகுப்பிலிருந்து மொத்தத்தையும் தூக்கிரலாம்" என்றார் செல்வராஜ் அண்ணன். போய்ப் பார்க்காமல் தூக்கக்கூடாது என்று நான்தான் சண்டை போட்டேன். அப்படியானால் நீயே போய்ப் பார் என்றார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு, விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, என் தொலைநோக்கியையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நோன்பின் கடைசி வாரம் அது. நான் போய் இறங்கியபோது கல்முனைக் கடைத்தெரு நெரிந்தது. பெருநாள் துணி வாங்க வந்த பெண்கள், கடை வாசலில் அடுக்கிய சட்டைகள், ஒலிபெருக்கியில் விலை கூவுகிறவர்கள். சாப்பாட்டுக் கடைகளுக்கு மட்டும் முன்னால் துணி தொங்கியது. பேருந்தில் ராத்திரி முழுக்க வயிறு காய்ந்து வந்த நான் அந்தத் துணிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

வாசலுக்கு வந்த ஃபரீதா டீச்சருக்கு ஐம்பது வயதிருக்கும். உயரமானவர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். என் கையிலிருந்த குழாயைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அளக்கத்தானே வந்த, புள்ள? டேப் கொண்டு வந்தீங்களா, நான் எடுத்துத் தரட்டா?"

ஊர் பார்க்க வருவதாகத்தான் சொல்லியிருந்தேன், அந்த விருந்தாளி வேடம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. என் முகம் போன போக்கைப் பார்த்து அவருடைய கணவர் ஜவாஹிர், "வந்த ஆளுக்கு முதல்ல தண்ணி குடுங்க, மறுகா அளக்கலாம்" என்றார். அவர் அரிசி ஆலை வைத்திருக்கிறார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டு, தன்னைக் காக்கா என்று கூப்பிடச் சொன்னார். காக்கா என்றால் அண்ணன். காயல்பட்டினத்திலும் அப்படித்தான் என்று நான் சொன்னதும், "அப்ப கடலுக்கு அங்கால இரிக்கிறதும் எங்கட ஆக்கள்தான்" என்று அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

டேப் கொண்டுதான் வந்திருந்தேன். அளந்தேன். ஐந்து அங்குலம், குறைவில்லை. கண்ணாடி என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது.

"என்ட கணக்கு எல்லாத்தையும் தூக்கப்போறாராம் ஒங்கட அண்ணன்" என்றார் டீச்சர். இப்போது அவர் சிரிக்கவில்லை. "தூக்கினா தூக்கட்டும். ஆனா நான் பொய்யெழுதின எண்டு நினைச்சித் தூக்கப்படாது. மூணு வருசம் மழையிலயும் நுளம்புக்கடியிலயும் நிண்டு பாத்த. பள்ளிக்கூடத்துப் புள்ளையளுக்கெல்லாம் சொல்லி வெச்சிரிக்கன், டீச்சர்ர பேர் வரும் எண்டு."

டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன்.

அன்று மாலை நோன்பு துறக்கிற பாயில் என்னையும் உட்கார வைத்தார்கள். ஈத்தம்பழம் என்று அவர்கள் சொல்கிற பேரீச்சம்பழம், நோன்புக் கஞ்சி, சமோசா, ரோல்ஸ், ஒரு கிண்ணத்தில் என் முந்திரி மாவு. சூரியன் அங்கே கடலில் இறங்குவதில்லை, எங்கள் ஊரைப் போலவே ஊருக்குப் பின்னால் வயல் பக்கம் போய் விழுகிறது. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். சூரியன் விழுந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன், அதுவும் அப்படித்தான் சொன்னது. ஆனால் பாயில் இருந்த ஒருவரும் அசையவில்லை. பழம் கையிலேயே இருந்தது. எனக்கு எச்சில் ஊறி, காது பள்ளிவாசல் பாங்குச் சத்தத்துக்காகத் துடித்தது.

"சூரியன் போயிருச்சே காக்கா?"

"போயிட்டு எண்டு ஒங்களுக்குத் தெரியும். பள்ளிவாசல் கலண்டர்ல ரெண்டு மூணு நிமிசம் பேணுதலுக்குப் போட்டிரிக்கி. சந்தேகம் வரப்படாது தானே. விடிய முன்ன சாப்பிடுற சஹரும் அப்பிடித்தான், நேரம் முடிய முன்னயே வாயக் கழுவிடுவம்."

பாங்கு ஒலித்தது. பழத்துக்குப் பிறகு கஞ்சி. இஞ்சியும் பூண்டும் இறைச்சித் துண்டும் போட்ட கஞ்சி, தேங்காய்ப்பால் மணத்தோடு. எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் கஞ்சி வாளியில் வரும், ருசியில் அது தம்பி, இது அண்ணன். மூன்று கோப்பை குடித்தேன். நோன்பு பிடிக்காதவளுக்கு இத்தனை பசி எப்படி வந்தது என்று இருவரும் என்னைக் கிண்டல் செய்தார்கள்.

மறுநாள் மாலை மொட்டைமாடியில் இரண்டு தொலைநோக்கிகளையும் வைத்தோம். அயோ என்ற நிலவின் நிழல் வியாழனின் முகத்தில் விழுந்து கடந்து போகிற நாள். நிழல் ஒரு கரும்புள்ளியாக விளிம்பில் நுழைய வேண்டும். "வந்துருச்சு!" என்றேன் நான். பக்கத்தில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். டீச்சர் கண்ணை எடுக்காமல், உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். புள்ளி நன்றாக உள்ளே வந்து, சுற்றிலும் வெளிச்சம் சூழ்ந்த பிறகுதான், "ஓம், இப்ப வந்திரிக்கி" என்றார். செல்வராஜ் அண்ணன் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். நான் என் தொலைநோக்கியை டீச்சருக்குக் கொடுத்து அவருடையதை வாங்கிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அப்படியானால் கண்தான் கோளாறு என்று எனக்குள் முடிவு கட்டினேன்.

மூன்றாம் நாள்தான் நான் எதற்காக வந்தேனோ அந்த நாள். கானிமீட் என்ற பெரிய நிலவின் கிரகணம். மற்ற நிலவுகளில் பெரும்பாலும் மறைவோ வெளிப்பாடோ ஒன்றுதான் கிடைக்கும், இன்னொன்று வியாழனின் உடம்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கானிமீடில் இரண்டும் ஒரே மாலையில் கிடைப்பதுண்டு. நோன்பு துறந்த பிறகு மறையும், இரவுத் தொழுகை நேரம் போனபிறகு வெளிப்படும். ஊரில் பெருநாள் விளக்குகள் கண்ணைக் கூசவைத்தன. "இறக்காமத்துப் பக்கம் எங்கட வெள்ளாமை இரிக்கி. அங்க இருட்டு" என்றார் ஜவாஹிர் காக்கா. வெள்ளாமை என்றால் அங்கே நெல் வயல். "யானை வரும், ஆனா சத்தம் போட்டா போயிடும்" என்று சாவகாசமாகச் சேர்த்துக்கொண்டார்.

ஒரு ஆட்டோவில் மூன்று பேர், இரண்டு தொலைநோக்கி, பாய், கஞ்சி நிறைந்த பெரிய பிளாஸ்க். அறுவடை முடிந்திருந்ததால் சாலையில் பாதியை நெல் காயப்போட்டு மறித்திருந்தார்கள். எங்கள் ஊரில் சாலையோரம் உப்பு குவிந்து கிடக்கும், இங்கே நெல். அதன் மேல் ஏற்றிவிடக்கூடாது என்று ஆட்டோக்காரர் ஒதுக்கினார், ஒதுக்கினார், கடைசியில் பின்சக்கரம் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. நான் தொலைநோக்கியைக் கட்டிப் பிடித்தபடி காக்காவின் மடியில் போய் விழுந்தேன். நோன்பு வாயோடு ஏசக்கூடாது போலிருக்கிறது. ஆட்டோக்காரர் ஏச வேண்டிய இடத்திலெல்லாம் "ஸுப்ஹானல்லாஹ்" என்றார், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கோபமாக இருந்தது. நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தவர்கள் வந்து தூக்கிவிட்டார்கள்.

வயல் நடுவே கூரை போட்ட காவல் கொட்டில் இருந்தது. அதை வாடி என்கிறார்கள். நோன்பு துறந்து, அவர்கள் இருவரும் தொழுது முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. வியாழன் உச்சியில் நின்றது. இத்தனை கருத்த வானத்தை நான் பார்த்துப் பல வருடங்கள் ஆயின. துறைமுக விளக்குகளுக்குப் பழகிய கண்ணுக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்றே தெரியவில்லை, வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

காக்காவின் வேலை, நேரம் காட்டும் ஒலி துடிக்கிற கைபேசியில் எங்கள் குரல்களைப் பதிவு செய்வது. "போச்சு" என்று சொன்ன கணம் அதில் விழும். வியாழனின் வெளிச்சம் கண்ணைக் குருடாக்காமல் இருக்க அதைப் பார்வை வட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டு, கானிமீடையும் அடையாளத்துக்கு அதன் பக்கத்து நிலவு ஒன்றையும் மட்டும் வைத்துக்கொண்டோம். எங்கள் தொலைநோக்கிகளுக்கு மோட்டார் கிடையாது. பூமி சுழலச் சுழல நிலவு வட்டத்தைவிட்டு நகரும், அவ்வப்போது குழாயைக் கையால் தள்ளிக்கொடுக்க வேண்டும். என்னுடையது தள்ளும்போதெல்லாம் பழைய கதவு போலக் கிறீச்சிடும்.

நிலவு மங்க ஆரம்பித்தது. திரியை இறக்கிய விளக்குப் போல நிதானமாகக் குறைந்தது. முதலில் அதன் தெளிவு போயிற்று, பிறகு ஒரு சாம்பல் பொட்டு, பிறகு பொட்டின் ஞாபகம். இந்த நேரத்தில் குழாயைத் தொட்டால் அதிர்ந்து தொலைத்துவிடுவோம் என்று நான் கையை எடுத்துக்கொண்டேன். "தெரியுது... தெரியுது..." என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"போச்சு" என்றார் டீச்சர்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். கண்டுபிடித்துவிட்டேனே! நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவருக்குப் போய்விட்டது. "தெரியுது... இன்னும் தெரியுது..." வெகுநேரம் கழித்து, பெரிய மனதோடு, "போச்சு" என்றேன்.

"புள்ள, ஒருக்கா நான் பாக்கட்டா?" டீச்சர் என் தொலைநோக்கியில் குனிந்தார். நிமிர்ந்தார். "மத்த நிலவு எங்க?"

நானும் பார்த்தேன். கானிமீடுக்குப் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்த இன்னொரு நிலவு வட்டத்தில் இல்லை. அது மறைகிற நிலவே இல்லை, அங்கேதான் இருக்க வேண்டும். குழாயைத் தள்ளினேன், கிறீச்சிட்டது. இன்னும் தள்ளினேன். ஒரு முழு வட்டத்தையும் தாண்டித் தள்ளிய பிறகே அது வந்து சேர்ந்தது.

காக்கா பதிவை ஓட்டினார். என் குழாயின் கடைசிக் கிறீச் சத்தம் கேட்டது. அதற்குச் சற்றுப் பின் டீச்சரின் "போச்சு". அதன் பிறகு என் குரல், தெரியுது, தெரியுது என்று விடாமல். ஒரு பொருள் அந்த வட்டத்தைக் கடந்து வெளியேற ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். நான் கடைசியாகத் தள்ளியதிலிருந்து அதைப்போல இரண்டு மடங்கு நேரம் போயிருந்தது. நிலவு என் வட்டத்தை விட்டுப் போன பிறகும், வெறும் இருட்டைப் பார்த்து, இன்னும் தெரியுது என்று சாட்சி சொல்லியிருக்கிறேன்.

காக்கா சிரித்தார். டீச்சர் அவர் தோளில் ஒரு அடி வைத்தார். எனக்கு வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. மூன்று வருடமாக என்னுடைய நேரங்கள்தான் குழுவிலேயே சிறந்தவை என்று செல்வராஜ் அண்ணன் சொல்லி வந்தார். கடைசித் துளிவரை விடாமல் பிடித்து நிற்கிற கண் என்பார். அதில் எத்தனை துளி நிஜத்தில் இருந்தது?

"நான் பொய் சொல்லலை டீச்சர். நிஜமாவே தெரிஞ்சுது."

"தெரியும் புள்ள. எனக்கும் ஒரு நாள் தெரிஞ்சிரிக்கி."

குளத்துப் பக்கம் யானை வெடி ஒன்று வெடித்தது. தூரத்தில் யாரோ கத்தினார்கள். நிலவு வெளிப்பட இன்னும் நேரம் கிடந்தது. அவர்கள் இரவுத் தொழுகை தொழுதார்கள். பிறகு கஞ்சியின் மிச்சத்தையும், சீனி போட்ட எருமைத் தயிரையும் சாப்பிட்டோம். கரண்டி நிமிர்ந்து நிற்கிற தயிர் அது. சாப்பிட்டுக்கொண்டே டீச்சர் சொன்னார்.

"எனக்குப் பதினொரு வயசு. இருவத்தொம்பதாம் நோன்பு. மதில்ல ஏறி நிண்டு பாத்துட்டு, பிறை, பிறை எண்டு கத்திப்போட்டன். எங்கட ஒழுங்கைச் சனமெல்லாம் திரண்டு வந்திட்டு. பட்டாசு கொளுத்திட்டாங்க. உம்மா பெருநாள் வட்டிலப்பத்துக்கு முட்டை உடைச்சிட்டா. மறுகா பள்ளிவாசல்ல இருந்து ஆக்கள் வந்து, பிறையிட முனை எந்தப் பக்கம் இருந்த எண்டு கேட்டாங்க. நான் கையால வளைச்சிக் காட்டின. அவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க. அந்தப் பக்கம் பிறை வளைய ஏலாது புள்ள. சூரியன் கீழ இரிக்கக்க வெளிச்சம் பிறையிட கீழ்ப்பக்கம்தானே விழும், முனை மேலதானே நிக்கும்? நான் முனையக் கீழ காட்டிரிக்கன். தென்னோலைக்குள்ளால வானத்தக் கண்டிரிக்கன் போல."

"ஏசினாங்களா?"

"ஒருத்தரும் ஏசல்ல. அதுதான் தாங்க ஏலாமப் போன. ஒழுங்கை முழுக்கச் சஹருக்கு எழும்பினாங்க. உடைச்ச முட்டையை உம்மா பொரிச்சித் தந்தா. எனக்கு இறங்கல்ல." அவர் தயிர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அண்டையிலிருந்து, கண்டன் எண்டு சொல்றதுக்கு முதல் எனக்குச் சந்தேகம் ஒரு துளியும் இரிக்கப்படாது. இரிந்தா நான் காணல்ல. சாட்சி அப்பிடித்தான். ஒரு சாட்சிய அண்டைக்கி எடுக்கல்ல, சரிதான். இப்ப நான் சரியாப் பாத்துச் சொல்றதையும் எடுக்க ஏலா எண்டா, எனக்குப் பொறுக்குதில்ல."

அப்போதுதான் எனக்கு முதல் நாள் பாய் ஞாபகம் வந்தது. சூரியன் விழுந்த பிறகும் கையிலேயே இருந்த ஈத்தம்பழம், நேரம் முடியும் முன்னே கழுவுகிற வாய். நோன்பை அவர்கள் இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொள்கிறார்கள். கிரகணத்தையும் டீச்சர் அப்படியே நீட்டியிருக்கிறார். சந்தேகம் வந்ததும் மறைந்தது என்கிறார், சந்தேகம் தீர்ந்ததும்தான் வந்தது என்கிறார். முன்னால் நீட்டியதும் பின்னால் நீட்டியதும் ஒரே அளவு என்றால், கிரகணத்தின் நடுநேரம் இடம் மாறாது. எங்களுக்கு வேண்டியதே அந்த நடுநேரம்தான். எனக்குக் கை பரபரத்தது. வெளிப்பாடு முடியும்வரை இதைச் சொல்லக்கூடாது, சொன்னால் அவர் நிதானம் கெட்டுவிடும் என்று வாயை இறுக்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான காரியங்களில் அதுவும் ஒன்று.

நிலவு வெளிப்படுகிற நேரம் பார்த்து வரப்பில் ஒரு டார்ச் வந்தது. "ஆரு அது வாடியில?" என்று குரல். "நாங்கதான், லைட்ட நூருங்க!" என்று காக்கா கத்தினார். யானைக் காவலுக்கு வந்த பக்கத்து வயல்காரர். குழாய்களைப் பார்த்து, "இதால யானைக்குச் சுடலாமா?" என்று கேட்டார். டார்ச்சை அணைக்க வைத்து அவரையும் உட்கார வைத்தோம். இந்த முறை நான் குழாயைத் தள்ளிக்கொண்டே இருந்தேன், கிறீச், கிறீச் என்று. சாம்பலாக ஒன்று தட்டுப்பட்டது, கண்ணைக் கொட்டிப் பார்த்தேன், இருந்தது. "வந்துருச்சு" என்றேன். டீச்சர் பேசவில்லை. பேசவில்லை. பக்கத்து வயல்காரர்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, "ஓம். கண்டன்."

வாடியின் பாயில் கைபேசி வெளிச்சத்தில் கணக்குப் போட்டோம். டீச்சர் குறித்த மறைவுக்கும் வெளிப்பாட்டுக்கும் நடுவைக் கண்டுபிடித்து, கணிப்பின் நடுவோடு வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒட்டி நின்றன. என்னுடைய நடு, நான் பார்த்த வெறும் இருட்டின் புண்ணியத்தில், எங்கேயோ தள்ளிக் கிடந்தது. அவருடைய பழைய கானிமீட் நேரங்களைக் கைபேசியில் எடுத்து நடு கண்டோம். அவையும் ஒட்டி நின்றன. டீச்சர் மூக்குக்கண்ணாடியை இறக்கி மூன்று முறை பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நுளம்பு" என்று கொசுவின் மேல் பழியைப் போட்டுத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை செல்வராஜ் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"டெலஸ்கோப் அஞ்சு அங்குலம்தானா?"

"அஞ்சுதாண்ணே. கண்ணும் சரியா இருக்கு." விஷயத்தைச் சொன்னேன். "ரெண்டு முனையும் பார்த்த கிரகணத்தை மட்டும் தொகுப்பில் வைப்போம்ணே. ஒரு முனை மட்டும் உள்ளது யாருடையதா இருந்தாலும் வேண்டாம்."

"அப்படிப் பார்த்தா ஒன்னோடதும்ல போகும்?"

"போகும்ணே."

"எவ்வளவு?"

"கிட்டத்தட்ட எல்லாம். நான் அயோ பார்த்ததுதானே அதிகம்."

"பைத்தியமா நீ?" என்றார். பிறகு பதிவை அனுப்பச் சொன்னார். என் 'தெரியுது தெரியுது'வை அவர் எத்தனை தடவை கேட்டாரோ, மத்தியானம் அவரே கூப்பிட்டார். சரி என்றார். குழுவில் பாதிப் பேர் என் மேல் கொலைவெறியில் இருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

டீச்சரின் நேரங்களிலும் பெரும்பகுதி போய்விடும், கானிமீட் மட்டும் மிஞ்சும் என்றேன். "மிஞ்சினது போதும்" என்றார் அவர். "பேர் வரும் தானே?"

"வரும் டீச்சர்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார். போகிற போக்கில் ஒரு சினிமாப் பாட்டை முணுமுணுத்தார். "கலியாணம் முடிச்ச நாளையிலிருந்து இவ பாடி நான் கேட்டதே இல்ல" என்றார் காக்கா.

என் கடைசி நாள் இருபத்தொன்பதாம் நோன்பு. மாலையில் ஊரே கூரைகளில் ஏறி வயல் பக்கம் பார்த்தது. மேற்கே மேகம் கிழிந்து கிழிந்து கிடந்தது. ஒரு கிழிசலில் வெள்ளி இழை போல ஒன்று சட்டென்று தெரிந்தது. நான் மூச்சை இழுத்த சத்தத்துக்கே பக்கத்துக் கூரைகளெல்லாம் என் பக்கம் திரும்பிவிட்டன.

"கண்டீங்களா புள்ள?" என்றார் டீச்சர், தாழ்ந்த குரலில்.

மறுபடி பார்த்தேன். மேகம் மூடியிருந்தது. நன்றாக நினைத்துப் பார்த்தேன். முனை எந்தப் பக்கம் இருந்தது? எனக்குத் தெரியவில்லை.

"இல்ல டீச்சர். காணல்லை."

அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். அன்றிரவு வானொலியில் எங்கும் பிறை தென்படவில்லை என்றார்கள். மறுநாளும் நோன்பு. சஹருக்குப் புட்டும் சுறாமீன் கறியும் வைத்தார்கள், நேரம் முடியும் முன்னே எல்லோரோடும் நானும் வாயைக் கழுவிக்கொண்டு பேருந்துக்குப் போனேன்.

ஊர் திரும்பி இரண்டு வாரம் கழித்து ஒரு கானிமீட் கிரகணம் வாய்த்தது. பார்த்தேன், குறித்தேன், அனுப்பினேன். மறுநாள் மதுரையிலிருந்து அழைப்பு.

"ஏம்மா, ஒன் டெலஸ்கோப் என்ன சுருங்கிருச்சா? மறையறது சீக்கிரம், வர்றது லேட்டு. ரெண்டரை அங்குலம் மாதிரியில்ல இருக்கு?"

"அஞ்சு அங்குலம்தாண்ணே" என்றேன். "நடுவைப் பாருங்க."